உடல் எழும் என்னும் நம்பிக்கை

கிறிஸ்தவர்களின் விசுவாச அறிக்கை இறந்தோரின் உடல் உயிர்த்தெழும் என்ற அறிவிப்போடும் நிலைவாழ்வோடும் முடிகிறது. கோவை பெரிய கடைவீதியில் உள்ள புனித மிக்கேல் பேராலயத்தில் திருப்பலிக்கு வருவோரும், சி.எஸ்.ஐ. ஆலயங்களில் ஆராதனைக்கு வருவோரும் சொற்களில் சிறு வேறுபாட்டோடு இதையே எழுந்து நின்று சொல்கிறார்கள். ஆனால் சாவு வீட்டிலும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும் பேச்சு பெரும்பாலும் ஆன்மாவோடு நின்றுவிடுகிறது. ஆன்மா இறைவனிடம் போய்ச் சேர்ந்தது, உடல் மண்ணோடு போயிற்று என்று மனத்தைத் தேற்றிக்கொள்வது எளிது. திருச்சபை கற்பிப்பது இதைவிடப் பெரியது, நம்புவதற்கு இதைவிடக் கடினமானது. மனிதர் உடலும் உயிருமாகப் படைக்கப்பட்டார், உடலும் உயிருமாகவே மீட்கப்படுவார். சாவு இறைவனின் படைப்பில் பாதியைக் கொண்டுபோக, மீதிப் பாதியோடு இறைவன் நிறைவு கொள்வதில்லை.

இந்த நம்பிக்கை இஸ்ரயேலில் ஒரே நாளில் வந்ததன்று. எபிரேய மறைநூலின் பழைய பகுதிகளில் இறந்தோர் பாதாளத்தில் நிழல்களாகக் கிடக்கிறார்கள்; அங்கே இறைப்புகழ்ச்சிகூட இல்லை. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில், பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட மக்களிடையே இருந்த எசேக்கியேல், பள்ளத்தாக்கு நிறையக் கிடந்த உலர்ந்த எலும்புகள் நரம்பும் தசையும் தோலும் பெற்று எழுந்து நின்றதைக் காட்சியாகக் கண்டார். அந்தக் காட்சி முதலில் ஒரு நாட்டின் மறுவாழ்வைக் குறித்தது. தனி மனிதரின் உயிர்ப்பு தெளிவாகப் பேசப்படுவது தானியேல் நூலில், மன்னன் அந்தியோக்கு எப்பிபானின் கொடுமைகள் நடந்த கி.மு. 2-ஆம் நூற்றாண்டுச் சூழலில்.

அந்தக் கொடுமையைக் கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூல் அருகிலிருந்து காட்டுகிறது. ஏழு சகோதரர்களும் அவர்களின் தாயும் மன்னன் முன் நிறுத்தப்படுகிறார்கள். மூன்றாவது மகன் கேட்டவுடன் நாக்கை நீட்டுகிறான், கைகளையும் அஞ்சாமல் நீட்டுகிறான். இவற்றை விண்ணக இறைவனிடமிருந்து பெற்றேன், அவரிடமிருந்தே திரும்பப் பெறுவேன் என்ற பொருளில் பேசிவிட்டு உயிர் துறக்கிறான். உயிர்த்தெழுதல் நம்பிக்கையின் வேர் எங்கே இருக்கிறது என்பது இங்கே தெரிந்துவிடுகிறது. வெட்டப்பட்டது கை. நீதி என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கையை வந்து எட்ட வேண்டும். துன்புற்றது உடலாக இருக்க, ஆறுதல் ஆன்மாவுக்கு மட்டும் என்றால் கொடுங்கோலனின் வாள் பாதி வெற்றி பெற்றுவிடுகிறது.

இயேசுவின் காலத்தில் யூதர்களிடையே இது விவாதப் பொருளாகவே இருந்தது. பரிசேயர் ஏற்றனர், கோயில் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த சதுசேயர் மறுத்தனர். ஒருத்தியை ஏழு சகோதரர்கள் அடுத்தடுத்து மணந்தால் உயிர்ப்பில் அவள் யாருக்கு மனைவி என்று சதுசேயர் கேட்ட கேள்வியை மாற்கு நற்செய்தியின் 12-ஆம் அதிகாரம் பதிவு செய்திருக்கிறது. உயிர்த்தெழும் வாழ்வு இப்போதைய வாழ்வின் நீட்சி அன்று என்பதே இயேசுவின் விடை. ஆபிரகாமின் கடவுள் வாழ்வோரின் கடவுள் என்றும் அவர் கூறினார்.

கிறிஸ்தவத்தில் இந்த நம்பிக்கை நடு இடத்துக்கு வந்ததற்குக் காரணம் ஒன்றே: எருசலேமில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஒரு கல்லறை காலியாக இருந்தது, அதில் கிடத்தப்பட்டவரைப் பலர் உயிரோடு கண்டனர் என்னும் சாட்சியம். நான்கு நற்செய்திகளும் விவரங்களில் வேறுபட்டாலும் முதலில் போனவர்கள் பெண்கள் என்பதில் ஒத்துப்போகின்றன. பெண்களின் சாட்சியத்துக்கு அதிக மதிப்பு இல்லாத சமூகத்தில் கதை கட்டுவோர் அப்படிக் கட்டியிருக்கமாட்டார்கள் என்ற வாதம் வலுவானது.

அந்தக் கதைகளில் உயிர்த்த இயேசுவின் உடல் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. மகதலா மரியா அவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறார். எம்மாவு ஊருக்கு நடந்த சீடர் இருவர் வழி நெடுகப் பேசியும் அடையாளம் காணவில்லை. பூட்டிய கதவுகளுக்குள் அவர் வந்து நிற்கிறார். அதே சமயம், லூக்காவின்படி சீடர் முன் ஒரு துண்டு வேகவைத்த மீனை வாங்கி உண்கிறார். யோவானின்படி தோமாவிடம் தம் கைகளைக் காட்டுகிறார். ஆணித் தழும்பு அவற்றில் இன்னும் இருக்கிறது. ஆவியைக் கண்டதாகச் சொல்ல விரும்பியவர் மீனைக் கொண்டு வந்திருக்கமாட்டார். செத்தவர் மயக்கம் தெளிந்து எழுந்ததாகச் சொல்ல விரும்பியவர் பூட்டிய கதவை வைத்திருக்கமாட்டார். அதே உடல், ஆனால் மாற்றம் பெற்ற உடல் என்பதைத் தவிர வேறு வழியில் இந்தக் கதைகளைச் சேர்த்துப் படிக்க முடிவதில்லை.

இவற்றுக்கு முந்திய எழுத்துச் சான்று பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரம். கி.பி. 55 அளவில் எபேசு நகரிலிருந்து அவர் அதை எழுதினார். தாம் பெற்றுக்கொண்டதையே ஒப்படைப்பதாகச் சொல்லி, உயிர்த்தவரைக் கண்டோரைப் பேதுருவில் தொடங்கி வரிசையாகக் கூறுகிறார். ஐந்நூறுக்கு மேற்பட்டோருக்கு ஒரே சமயத்தில் அவர் தோன்றியதையும், அவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருப்பதையும் குறிப்பிடுகிறார். இறந்தோர் எழார் என்றால் கிறிஸ்துவும் எழவில்லை, விசுவாசமும் வீண் என்று துணிந்து எழுதிய பிறகு, எந்த உடலோடு வருவார்கள் என்ற கேள்விக்கு அவர் விதையைக் காட்டினார். மானாவாரிக் காட்டில் சோளம் விதைக்கும் கொங்கு விவசாயிக்கு அந்த விடையை விளக்க வேண்டியதில்லை. மண்ணுக்குள் போவது உலர்ந்த ஒரு மணி. மேலே வருவது தோகையும் கதிருமாக ஆளுயரப் பயிர். மணியைப் பார்த்துப் பயிரை ஊகிக்க முடியாது. ஆனால் சோளம் போட்ட இடத்தில் கம்பு முளைப்பதும் இல்லை. அழிவுக்குரியதாய், வலுவற்றதாய், மதிப்பற்றதாய் விதைக்கப்படுவது அழியாததாய், வலிமையும் மாட்சியும் உள்ளதாய் எழும் என்கிறார் பவுல். அவர் சொல்லும் ஆவிக்குரிய உடல் ஆவியால் ஆன மெல்லிய உடல் அன்று. தூய ஆவியாரால் இயக்கப்படும் திடமான உடல். ஆங்கிலேய விவிலிய அறிஞர் என்.டி. ரைட் 2003-இல் வெளியிட்ட பெரிய நூலில் இந்தப் பொருளை மிக விரிவாக நிறுவியிருக்கிறார்.

கொங்கு நாட்டில் இந்த நம்பிக்கை வந்து சேர்ந்தபோது, இறந்தவர் மீளும் கதைகள் இங்கே ஏற்கெனவே இருந்தன. அவிநாசித் தாமரைக்குளத்தில் முதலை விழுங்கிய பாலனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணத்தின் மங்கல ஒலியும், எதிர்வீட்டில் அதே வயதுப் பிள்ளையை இழந்தவர்களின் அழுகையும் கேட்ட இடத்தில் அந்தக் கதை பிறக்கிறது. முதலை திருப்பித் தந்த பிள்ளை இடையில் கடந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு வருகிறான். இழந்த காலத்தையும் சேர்த்துத் திருப்பித் தரும் இறைவனைப் பாடிய அந்தக் கதையின் ஆழத்தைக் கிறிஸ்தவர்களும் மதிக்க வேண்டும்.

அண்ணன்மார் சுவாமி கதை இன்னொன்று. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களில் காங்கேயம் வட்டாரத்தில் இதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதில் அண்ணன்மாரான பொன்னரும் சங்கரும் களத்தில் மடிந்து கிடக்க, தங்கை தேடிச் சென்று எழுப்புகிறாள். கோயில் விழாக்களில் படுகள நாளன்று அருள் வந்த ஆண்கள் செத்தவர்களாக விழுந்து கிடக்கிறார்கள். வெள்ளைத் துணி போர்த்தப்படுகிறது. பிறகு தண்ணீர் தெளித்து எழுப்பப்படுகிறார்கள். உடன்பிறந்தவளின் துயரத்துக்குச் சாவே சற்று வழிவிட வேண்டும் என்ற ஏக்கம் அங்கே ஊர் கூடி வெளிப்படுகிறது.

விவிலியத்திலும் இத்தகைய மீட்புகள் உண்டு. நயீன் ஊர்க் கைம்பெண்ணின் மகன், யாயிரின் மகள், நான்கு நாள் கல்லறையில் கிடந்த லாசர் ஆகியோர் எழுப்பப்பட்டார்கள். ஆனால் அவர்கள் மறுபடி இறந்தார்கள். அவிநாசிப் பிள்ளையையும் லாசரையும் அருகருகே வைக்கலாம். இயேசுவின் உயிர்ப்பை அந்த வரிசையில் வைக்க முடியாது. அவர் பழைய வாழ்வுக்குத் திரும்பவில்லை. சாவு இனி ஆள முடியாத வாழ்வுக்குள் போனார். கிறிஸ்தவர்கள் தங்களுக்கும் எதிர்பார்ப்பது அதையே.

மறுபிறவிக் கொள்கையோடு இதற்குள்ள வேறுபாட்டைத் தமிழில் முதலில் விரிவாக எழுதியவர்களில் இராபர்ட் தெ நொபிலி முதன்மையானவர். இத்தாலிய சேசு சபைத் துறவியான அவர் 1606-இல் மதுரை வந்தார். 1623-இல் அங்கிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம் பக்கம் பயணம் செய்தார். புனர்ஜென்ம ஆட்சேபம் என்ற அவரது நூல் மறுபிறப்பை எதிர்த்து வாதிடுவது. வாதத்தின் நடை இன்றைய வாசகருக்குக் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அதன் மையத்தில் உள்ள வேறுபாடு உண்மையானது. மறுபிறவியில் உயிர் தொடர்கிறது, உடல்கள் மாறுகின்றன. தாயும் பெயரும் ஊரும் ஒவ்வொரு முறையும் புதியவை. உயிர்த்தெழுதலில் ஒருவர் ஒருமுறையே வாழ்கிறார். அந்த ஒரு வாழ்வின் உடல், அதன் உறவுகளோடும் நினைவுகளோடும், இறைவனால் நிலைப்படுத்தப்படுகிறது. கர்மவினை என்ன கேள்விக்கு விடை தேடுகிறதோ, அதே நீதிக் கேள்விக்குத்தான் மக்கபேயர் காலத்து யூதர்களும் விடை தேடினார்கள். விடைகள் வேறு.

தமிழ்ச் சமய மரபில் உயிர்த்தெழுதலுக்கு மிக நெருங்கி வருபவர் வடலூர் இராமலிங்க வள்ளலார். மரணமிலாப் பெருவாழ்வைப் பேசிய அவர், இறந்தோரைச் சுடக் கூடாது, புதைக்க வேண்டும் என்றார்; அருட்பெருஞ்ஜோதி ஆண்டவர் வரும்போது அவர்கள் எழுப்பப்படுவார்கள் என்றும் நம்பினார். பொள்ளாச்சி நா. மகாலிங்கம் போன்றோரின் ஈடுபாட்டால் கொங்கு வட்டாரத்தில் வள்ளலார் நெறி பரவலாக அறியப்பட்டது. கிறிஸ்தவ இறையியலாளர்கள் இந்த ஒற்றுமையை இன்னும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

உடல் எழும் என்ற செய்தியை அக்காலக் கிரேக்க உலகம் கேலி செய்தது. ஏதென்சின் அரயோப்பாகு மன்றத்தில் பவுல் பேசியபோது, இறந்தோரின் உயிர்ப்பு என்றதுமே சிலர் நகைத்ததைத் திருத்தூதர் பணிகள் நூல் மறைக்காமல் எழுதுகிறது. படித்த கிரேக்கருக்கு ஆன்மாவின் அழியாமை கௌரவமான கொள்கை. அழுகும் சதை திரும்ப வருவது அருவருப்பு. கி.பி. 177-இல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்களின் உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கொட்டினார்கள். உயிர்ப்பு என்ற நம்பிக்கையே இல்லாமல் செய்யத்தான் அப்படிச் செய்தார்கள் என்று திருச்சபை வரலாற்றாசிரியர் எவுசேபியு பாதுகாத்துத் தந்த மடல் கூறுகிறது. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு லியோனின் ஆயரானவர் இரேனியு. சதைக்கு மீட்பு இல்லை என்ற ஞானவாதிகளை எதிர்த்து அவர் எழுதிய ஐந்து புத்தகங்களில் கடைசிப் புத்தகம் பெரும்பாலும் உடலின் உயிர்ப்பைப் பற்றியது. மண்ணிலிருந்து ஒருமுறை படைத்தவருக்கு இரண்டாம் முறை படைப்பது அரிதன்று என்பதே அவரது வாதத்தின் நாடி. ஆற்றில் கரைந்த சாம்பலும் படைத்தவரின் கைக்கு எட்டாதது அன்று.

எந்த உடல் என்ற கேள்வி பிறகும் ஓயவில்லை. 5-ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீன் ‘கடவுளின் நகரம்’ நூலின் 22-ஆம் புத்தகத்தில் அக்காலத்தார் கேட்ட கேள்விகளை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொள்கிறார்: கருவிலேயே அழிந்த குழந்தை, வெட்டி எறிந்த தலைமுடியும் நகமும், பஞ்சத்தில் மனிதர் மனிதரைத் தின்றால் அந்தச் சதை யாருக்கு என்பது வரை. சில விடைகள் இன்று பொருந்தாது. ஆனால் ஓரிடத்தில் அவர் அழகான ஒன்றைச் சொல்கிறார்: மறைசாட்சிகளின் உடலில் குறை எதுவும் இராது, ஆனாலும் தழும்புகள் இருக்கலாம், அவை அங்கே குறையாக அன்றி மாண்பாக ஒளிரும். தோமாவுக்குக் காட்டப்பட்ட கைகளை நினைத்தே அவர் இதை எழுதியிருக்க வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், ஆன்மா மட்டும் மீட்கப்பட்டால் மனிதர் மீட்கப்பட்டதாகாது என்ற முடிவுக்கு வந்தார்; ஆன்மா மனிதரின் ஒரு பகுதியே, முழு மனிதர் அன்று. 1215-இல் நடந்த நான்காம் லாத்தரன் சங்கம், இப்போது தாங்கியிருக்கும் சொந்த உடலோடே எல்லாரும் எழுவர் என்று வரையறுத்தது. உடலின் அணுக்கள் வாழ்நாளிலேயே ஓயாமல் மாறிக்கொண்டிருப்பதை அறிவியல் காட்டிய பிறகு, அதே அணுக்கள் திரும்ப வேண்டும் என்று இறையியலாளர் வற்புறுத்துவதில்லை. ஐந்து வயதிலும் எழுபது வயதிலும் ஒருவரை அதே ஆளாக வைத்திருப்பது எதுவோ, அதை இறைவன் அறிவார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடக்கமான விடை. போதுமான விடையும்கூட.

சாவுக்கும் இறுதி நாளுக்கும் இடையே இறந்தவர் எங்கே இருக்கிறார் என்பதில் சபைகள் பிரிகின்றன. 1336-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பெனடிக்ட், தூய்மையடைந்த ஆன்மாக்கள் உடல் உயிர்ப்புக்கு முன்பே இறைவனை நேரில் காண்கின்றன என்று வரையறுத்தார். ஏனையோர் உத்தரிக்கிற நிலையில் தூய்மை பெறுகிறார்கள் என்பது கத்தோலிக்கப் போதனை; ஆகவே அவர்களுக்காக மன்றாடுவதும் பூசை ஒப்புக்கொடுப்பதும் முறை. புராட்டஸ்டண்டு சபைகள் உத்தரிக்கிற நிலையை ஏற்பதில்லை. அவர்களின் கல்லறைகளில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற வாசகமே மிகுதி; விழிப்பு ஒன்று வரும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் ஆஸ்கர் குல்மன் 1955-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில், ஆன்மாவின் அழியாமை கிரேக்கத்திலிருந்து வந்தது, புதிய ஏற்பாட்டின் நம்பிக்கை உயிர்த்தெழுதலே என்று பிரித்துக் காட்டினார். அவர் கோட்டைச் சற்று அழுத்தமாகவே கிழித்தார் என்ற மறுப்பும் நியாயமானது. என்றாலும் திருச்சபைகளின் கவனத்தை மறுபடி உடலின் பக்கம் திருப்பியதில் அந்தச் சொற்பொழிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

கொங்கு மண் கிறிஸ்தவர்களுக்கு முன்பே இறந்தவர்களைக் கவனத்தோடு ஏற்றுக்கொண்ட மண். நொய்யல் கரையில் சென்னிமலைக்கு மேற்கே உள்ள கொடுமணலில் 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பின்னர் தொல்லியல் துறையும் நடத்திய அகழாய்வுகள், கல்வட்டங்களையும் கற்பதுக்கைகளையும் வெளிக்கொணர்ந்தன. பதுக்கைக் கல்லில் வட்டமாகத் துளை இட்டு, உள்ளே பானைகளும் சூதுபவள மணிகளும் வைத்திருந்தார்கள். சாவுக்குப் பின் ஏதோ ஒரு வாழ்வு இருப்பதாக அவர்கள் எண்ணியதன் அடையாளம் என்று ஆய்வாளர்கள் இதைக் கொள்கிறார்கள்.

கிறிஸ்தவம் இவ்வட்டாரத்தில் 17-ஆம் நூற்றாண்டில் சத்தியமங்கலம் வழியாக வேரூன்றியது. அவிநாசிக்கு அருகிலேயே உள்ள கருமத்தம்பட்டியின் ஜெபமாலை அன்னை ஆலயம் அந்தப் பழைய மறைத்தளங்களில் ஒன்று. பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் 1846 அக்டோபர் 4-ஆம் நாள் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டது அங்கேதான். உள்ளூர்க் குருக்களை உருவாக்கப் பாடுபட்டு, சாதி வழக்கங்களைத் திருச்சபை எப்படிக் கையாள்வது என்ற பூசலில் மனம் நொந்து, 1855-இல் பதவி விலகினார். 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையை நிறுவினார். 1859-இல் சியரா லியோனின் பிரீடவுனில் இறங்கிய ஆறே வாரத்தில் மஞ்சள் காய்ச்சலால் இறந்தார். புராட்டஸ்டண்டுப் பணியை லண்டன் மிஷன் சங்கத்தின் டபிள்யூ.பி. ஆடிஸ் 1830-இல் கோவையில் தொடங்கினார்.

சடங்கில் இந்த நம்பிக்கை தெளிவாகத் தெரியும் நாள்கள் இரண்டு. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய சில நாள்களில் குடும்பத்தார் மண்வெட்டியோடு வந்து புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பெயர் எழுத்துகளுக்குக் கறுப்பு வண்ணம் ஏற்றுகிறார்கள். அன்று மாலை செவ்வந்தியும் ரோஜாவும் தூவி மெழுகுதிரி ஏற்ற, குரு ஒவ்வொரு வரிசையாக நடந்து தீர்த்தம் தெளிக்கிறார். இன்னொன்று ஈஸ்டர் விடியல். பல சபைகளில் இருட்டு விலகுமுன்பே மக்கள் கல்லறைத் தோட்டத்தில் கூடிப் பாடுகிறார்கள். கத்தோலிக்க ஆலயங்களில் முந்தைய இரவே புது நெருப்பு மூட்டிப் பாஸ்கா திரியை ஏற்றுகிறார்கள். அதே திரி பின்னர் திருமுழுக்கின்போதும் அடக்கப் பூசையில் சவப்பெட்டி அருகிலும் ஏற்றப்படுகிறது. அடக்கத்தில் குருவோ போதகரோ முதலில் பிடி மண் போட, பிறகு பிள்ளைகள், உறவுகள், தெருக்காரர்கள் என்று எல்லாரும் போடுகிறார்கள். கொங்கு ஊர்களில் பிற சமயத்து அண்டைவீட்டாரும் அந்த மண்ணைப் போடுவது வழக்கம். பங்காளி உரிமை பார்ப்பதில்லை.

எரிப்பதா புதைப்பதா என்ற கேள்வியில் திருச்சபையின் நிலை மாறியிருக்கிறது. 1886 மே மாதத்தில் உரோமை உடல் எரிப்பைத் தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் கோயம்புத்தூர் மறைமாவட்டமாக உயர்ந்தது. அந்தத் தடைக்கு ஐரோப்பியச் சூழலே காரணம். உயிர்ப்பை மறுப்பதற்கென்றே சிலர் அங்கே உடல் எரிப்பை ஓர் இயக்கமாக்கியிருந்தார்கள். தீயில் எரிந்த உடலை இறைவனால் எழுப்ப முடியாது என்று திருச்சபை ஒருபோதும் கற்பிக்கவில்லை. லியோன் மறைசாட்சிகளை நினைத்தால் அப்படிக் கற்பித்திருக்கவும் முடியாது. 1963-இல் தடை விலகியது. 2016-இல் வந்த வழிகாட்டுதல், புதைப்பதையே பரிந்துரைத்து எரிப்பதை அனுமதிக்கிறது. சாம்பலைக் காற்றிலோ நீரிலோ தூவாமல், வீட்டில் வைத்துக்கொள்ளாமல், கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்கக் கேட்கிறது. நகரங்களில் இட நெருக்கடி கூடியிருப்பதால், குடும்பக் கல்லறையைச் சில ஆண்டு கழித்துத் திறந்து, பழைய எலும்புகளை மரியாதையோடு ஒதுக்கி வைத்துவிட்டு அதே குழியில் அடுத்தவரை வைக்கும் வழக்கம் பெருகிவருகிறது. இதில் நம்பிக்கைக்கு எந்த முரணும் இல்லை.

கொல்லிமலையில் இரண்டு அடக்கங்கள் இதை இன்னும் தெளிவாக்குகின்றன. ஜெசி பிராண்டும் எவலின் பிராண்டும் ஆங்கிலேய மிஷனரித் தம்பதியர். மலைவாழ் மக்களிடையே மருத்துவமும் கல்வியும் கொண்டுசென்றவர்கள். ஜெசி 1929-இல் காய்ச்சலால் இறந்து மலையிலேயே புதைக்கப்பட்டார். எவலின் முதுமையிலும் மலைவிட்டு மலை ஏறி உழைத்து, 95-ஆம் வயதில் மறைந்தார். அவர் சொல்லிவைத்திருந்தபடி, பெட்டி இல்லாமல் எளிய பருத்தித் துணியில் சுற்றி மண்ணில் வைத்தார்கள். உடல் மண்ணோடு கலந்து புது உயிர்களுக்கு உரமாக வேண்டும் என்பது அவர் விருப்பம். உடல் எழும் என்று உறுதியாக நம்பியவர், அதைக் கெடாமல் காக்க ஒரு பலகைகூடக் கேட்கவில்லை.

அவர்களின் மகன் பால் பிராண்டு 1914-இல் இந்த மலைப்பகுதியில் பிறந்தவர். 1940-களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராக இருந்தபோது, தொழுநோயால் கொக்கிபோல் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவை மூலம் விரியச் செய்தார். நோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி உணர்வு போய்விடுவதால் சூடும் காயமும் தெரியாமல் சிதைகின்றன என்பதை நிறுவி, மருத்துவ உலகின் எண்ணத்தையே மாற்றினார். அரசு நிலங்களிலும் கோயில் வாசல்களிலும் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தவர்களின் கை அது. உடல் தூக்கி எறியும் ஓடு என்று நினைப்பவர் அந்தக் கையின் ஒவ்வொரு நரம்பையும் தேடி இத்தனை ஆண்டு செலவழிப்பாரா என்று கேட்டுப் பார்க்கலாம். உடலுக்கு முடிவற்ற எதிர்காலம் உண்டு என்று நம்புவோருக்கு இன்றைய உடலைப் பேணுவது கடமையாகிறது.

இதே அளவுகோலால் அளக்கும்போது தமிழ்த் திருச்சபையின் கல்லறைகள் வெட்கப்பட வேண்டியவை. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் தலித் கிறிஸ்தவரையும் பிற சாதியினரையும் பிரிக்கும் சுவர் பல ஆண்டுகளாகக் கண்டனத்துக்கு உள்ளாகி வருகிறது. தனித்தனிக் கல்லறை, தனித்தனிப் பாதை என்ற வழக்கம் வேறு ஊர்களிலும் உண்டு. ஆலயத்துக்குள் ஒன்றாக நின்று உடலின் உயிர்ப்பை அறிக்கையிட்டவர்கள், அந்த உடல்களை மண்ணுக்குள் வைக்கும்போது பிரிக்கிறார்கள். கொரிந்து சபையில் செல்வர் முந்திக்கொண்டு உண்டு ஏழைகளைப் பசியோடு விட்டபோது, ஆண்டவரின் உடலை நீங்கள் உணரவில்லை என்று பவுல் கண்டித்தார். 15-ஆம் அதிகாரத்து உயிர்ப்பைப் பேசுமுன் 11-ஆம் அதிகாரத்தில் அவர் இதைத் தீர்க்க வேண்டியிருந்தது. கல்லறைச் சுவர் விசுவாச அறிக்கையின் கடைசி வரிகளை மறுக்கும் செயல். அதைச் சமூக வழக்கம் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

உயிர்ப்பு தனி மனிதரோடு முடிவதும் இல்லை. உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 8-ஆம் அதிகாரத்தில், படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் இருப்பதாகவும், மனித உடலின் மீட்போடு அதுவும் அழிவின் அடிமைத்தனத்திலிருந்து விடுபடும் என்றும் பவுல் எழுதுகிறார். திருவெளிப்பாட்டின் இறுதிக் காட்சியில் மனிதர் வானத்துக்கு ஏறிச் செல்வதில்லை. புதிய எருசலேம் நகரம் மண்ணுக்கு இறங்கி வருகிறது, அதன் நடுவே ஆறு ஓடுகிறது, கரையில் நிற்கும் மரத்தின் இலைகள் மக்களினங்களைக் குணமாக்குகின்றன. இன்றைய பூமி முற்றாக எரிந்து புதியது வருமா, இதுவே புதுப்பிக்கப்படுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முதல் கருத்துக்குப் பேதுருவின் இரண்டாம் கடிதத்தைக் காட்டுவார்கள். ஆனால் இயேசுவின் உயிர்ப்பில் பழைய உடலே மாற்றம் பெற்றது, கல்லறை காலியாயிற்று என்பதால், படைப்புக்கும் அதுவே வழி என்னும் இரண்டாம் கருத்துக்கே ஆதாரம் மிகுதி. அப்படியானால் சாயக்கழிவு கலந்த நொய்யலும் இறைவன் கைவிட்டுவிட்ட பொருளன்று.

பவுல் தம் நீண்ட அதிகாரத்தை எக்காள ஒலியோடும் சாவின் தோல்வியோடும் உச்சத்துக்குக் கொண்டுபோய், ஆண்டவருக்காக நீங்கள் படும் உழைப்பு வீணாகாது என்ற பொருளில் முடிக்கிறார். அடுத்த அதிகாரத்தின் முதல் வரியிலேயே எருசலேமின் ஏழைகளுக்கான காணிக்கைக்கு வருகிறார்: வாரத்தின் முதல் நாள்தோறும், அதாவது உயிர்ப்பு நிகழ்ந்த நாள்தோறும், ஒவ்வொருவரும் வரவுக்கு ஏற்றபடி தனியே எடுத்து வைக்க வேண்டும், தாம் வந்த பிறகு திரட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று.